கடுகுக்கு மட்டும் கேட்ட சத்தம்

“பின்னாடி சத்தம் வருது,” என்றாள் கடுகு.

வண்டியில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“சத்தம் வருதுன்னு சொல்றேன்ல. வண்டு மாதிரி. உம்ம்ம்னு.”

“வண்டு பூந்திருக்கும். ஜன்னலைத் திற, போயிடும்,” என்றான் அண்ணன், செல்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

“வண்டு இல்ல. வண்டு மாதிரி சத்தம். வண்டியிலேர்ந்து வருது.”

அப்போதுதான் அப்பா கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார்.

“என் வண்டியிலேர்ந்தா?” என்றார்.

கடுகு என்பது அவள் நிஜப் பெயர் அல்ல. நிஜப் பெயர் பள்ளிக்கூடத்தில் இருந்தது. வீட்டில் அவள் கடுகுதான். ஆள் சின்னவள், கொஞ்சம் சூடு பட்டால் போதும், வெடித்துவிடுவாள்.

வண்டிக்கும் ஒரு பெயர் உண்டு. தடியன். அது பெட்டி போலச் சதுரமான, உயரமான, பழைய ஜீப். அண்ணன் பிறப்பதற்கு முன்பே அப்பா அதை யாரிடமோ பழையதாக வாங்கினார். இப்போது அது பழையதிலும் பழையது. இடப்பக்கக் கண்ணாடியை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்து இழுத்தால்தான் மேலே ஏறும். பின்கதவைக் கொஞ்சம் தூக்கி, இடுப்பால் ஒரு இடி இடித்தால்தான் திறக்கும். வெயில் காலத்தில் பாதி வழியில் நிறுத்தித் தண்ணீர் காட்ட வேண்டும்.

இதையெல்லாம் யாராவது குறை என்று சொன்னால் அப்பாவுக்குப் பிடிக்காது.

“அது குறை இல்ல. அதோட சுபாவம்,” என்பார்.

முன்னால் அப்பாவும் அம்மாவும் உட்காருவார்கள். நடு இருக்கையில் மூன்று பேர் உட்காரலாம். ஆனால் அதில் ஒரு பெல்ட் வெகுநாளாகவே மாட்டவில்லை. அதனால் அங்கே இரண்டு பேருக்குத்தான் இடம். ஒன்று தாத்தா. இன்னொன்று அண்ணன். “எனக்குக் கால் நீளம்” என்பது அண்ணன் சொல்லும் காரணம்.

கடுகுக்குக் கால் குட்டை. ஆகவே அவள் கடைசி.

கடைசி என்றால் கடைசிதான். பின்சக்கரங்களுக்கு மேலே, எதிரும் புதிருமாக இரண்டு குட்டி இருக்கைகள். உட்கார்ந்தால் முட்டி முகவாயைத் தொடும். பக்கத்தில் உபரி டயரும் ஜாக்கியும் துணைக்கு இருக்கும். வளைவுகளில் வயிற்றைப் புரட்டும். நடு இருக்கை வேண்டும் என்று கடுகு கேட்காத நாள் இல்லை. பெல்ட் இல்லாத இடத்தில் உட்காரக் கூடாது என்று அம்மா சொல்லாத நாளும் இல்லை.

“புரிஞ்சுபோச்சு,” என்றான் அண்ணன். “இவளுக்கு நடு சீட்டு வேணும். அதுக்குத்தான் இந்த வண்டு.”

“நான் சீட்டைப் பத்திப் பேசவே இல்ல.”

அப்பா தாத்தாவிடம் கேட்டார். “உங்களுக்கு ஏதாவது சத்தம் கேக்குதா?”

“என்னது?” என்றார் தாத்தா.

“சத்தம். சத்தம் கேக்குதா?”

தாத்தா காதருகே கையைக் குவித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கவனித்தார்.

“ஒண்ணும் கேக்கலியே.”

“பாத்தியா,” என்றார் அப்பா.

கடுகுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டுக் கல்யாண மேளமே தாத்தாவுக்குக் கேட்காது. அவரைப் போய்ச் சாட்சிக்குக் கூப்பிடுவது என்ன நியாயம்?

அன்றைக்கு வீடு வந்து சேரும் வரை அவள் வாயைத் திறக்கவில்லை. அவளுக்குக் கீழே சத்தம் மட்டும் வாயை மூடவே இல்லை.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மலைக்குப் போக வேண்டியிருந்தது. மலை மேல் இருக்கிற சித்திக்குக் குழந்தை பிறந்திருந்தது. சித்தப்பா கப்பலில் வேலை பார்க்கிறவர், நடுக்கடலில் இருந்தார். சித்தியையும் குழந்தையையும் வீட்டுக்குக் கூட்டி வருவதென்று முடிவாகியிருந்தது.

“போறதுக்கு முன்னாடி எப்படியும் ஆயில் மாத்தணும். அப்படியே அந்தச் சத்தத்தையும் காட்டிடுங்களேன்,” என்றாள் அம்மா.

மெக்கானிக் அக்காவின் ஷெட் தகரக் கூரை போட்டது. ஒரு பக்கம் டயர்கள் தூண் மாதிரி அடுக்கியிருந்தன. தரை முழுக்க எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது. அக்கா வேகமான ஆள். ஒரு கையால் வேலை செய்துகொண்டே இன்னொரு கையால் போன் பேசுவார்.

“பொண்ணு ஏதோ சத்தம் வருதுங்குது. எனக்கொண்ணும் கேக்கல,” என்றார் அப்பா.

கடுகு முன்னால் வந்தாள். “அது எப்படின்னா அக்கா, பின்னாடி...”

“நீ தள்ளி நில்லு பாப்பா, கால்ல எண்ணெய் பட்டுடும்,” என்றார் அக்கா. ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். சந்து முனை வரை போனார், திரும்பி வந்தார், எஞ்சின் மூடியைத் திறந்து காதைக் கொடுத்துக் கேட்டார்.

“எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு சார். ஒண்ணுமில்ல.”

அப்பா மார்பை நிமிர்த்திக்கொண்டார், தன்னையே பாராட்டியது போல.

“நீங்க பின்னாடி உக்காந்து கேக்கலியே,” என்றாள் கடுகு.

“நான் பின்னாடி உக்காந்தா வண்டிய யாரு ஓட்டுறது பாப்பா?” என்று அக்கா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். பக்கத்தில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்தார். அவருக்கு விஷயமே தெரியாது.

கடுகுக்குக் காது மடல் சுட்டது. ‘என்ன சத்தம், எங்கே சத்தம்னு ஒரு வார்த்தை கேக்கல. அதுக்குள்ள ஒண்ணுமில்லையாம்,’ என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்து அண்ணன் ஒரு சோதனை நடத்தினான். கடைக்குப் போகும்போது அவனே பின்னால் ஏறி உட்கார்ந்தான். தெருமுனைக் கடைக்குப் போய்த் திரும்பினார்கள். இறங்கியதும் உதட்டைப் பிதுக்கினான்.

“ஒரு சத்தமும் இல்ல. அக்மார்க் பொய்.”

“உன் காதுல என்ன?” என்று கேட்டாள் கடுகு.

அவன் காதில் பாட்டுக் கேட்கும் குமிழ்கள் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டிருந்தன.

“மெதுவாத்தான் வச்சிருந்தேன்,” என்றான்.

*

அன்று சாயங்காலம் கடுகு சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். ரொம்பக் கோபம் வந்தால் அவள் போகும் இடம் அதுதான்.

அம்மா நர்ஸ். வேலை முடிந்து வந்தவள், துவைத்த துணிகளை மேசை மேல் கொட்டி மடிக்கத் தொடங்கினாள். கீழே இரண்டு கால் தெரிந்தது.

“இன்னுமா அந்தச் சத்தம்? எனக்கும் கேக்கலியே கண்ணா.”

“நீ முன்னாடி உக்கார்ற. உனக்கு எப்படிக் கேக்கும்?”

“அது சரி. ஆனா வேற யாருக்குமே கேக்கலியே.”

கடுகு மேசைக்கடியிலிருந்து தலையை நீட்டினாள்.

“அம்மா, ஆஸ்பத்திரியில ஒருத்தர் வந்து வயிறு வலிக்குதுங்கிறார். ‘எனக்கு வலிக்கலியே, டாக்டருக்கும் வலிக்கலியே, அதனால நீங்க பொய் சொல்றீங்க’ன்னு சொல்லுவியா?”

அம்மாவின் கை பாதி மடித்த சட்டையோடு அப்படியே நின்றது.

“சொல்ல மாட்டேன்.”

“வேற என்ன பண்ணுவ?”

“எங்க வலிக்குது, எப்ப வலிக்குது, என்ன செஞ்சா கூடுது, என்ன செஞ்சா குறையுதுன்னு கேப்பேன்.”

“அதை யாராவது என்கிட்ட கேட்டீங்களா?”

அம்மா சட்டையைக் கீழே வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்தாள். “சரி. இப்ப கேக்கறேன். எப்ப வருது?”

கடுகு பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

“வந்து... பின்னாடி வருது. சில நேரம் வருது. சில நேரம் வரல.”

“எந்த நேரம்?”

கடுகு விழித்தாள். இவ்வளவு நாள் சத்தம் வருது, சத்தம் வருது என்று சொன்னாளே தவிர, எப்போது வருகிறது என்று அவளும் கவனிக்கவில்லை. அவளுக்குத் தன் மேலேயே கொஞ்சம் கோபம் வந்தது. மற்றவர்கள் மேல் இருந்த கோபம் அதனால் ஒன்றும் குறையவில்லை.

“நாளைக்குச் சொல்றேன்,” என்றாள்.

*

மறுநாள் பள்ளிக்கூடம் போகும்போது கடுகு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு கையைச் சக்கரத்துக்கு மேலே இருந்த தகர மேட்டில் வைத்துக்கொண்டாள்.

தெருவுக்குள் தடியன் ஊர்ந்து போன வரையில் சத்தம் இல்லை. பெரிய ரோட்டில் ஏறி வேகம் பிடித்ததும் வந்தது. முதலில் வண்டு. வேகம் கூடக் கூட வண்டு பெரிதாகி, பம்பரம் போல ஆனது. தகரம் வழியாக உள்ளங்கை குறுகுறுத்தது.

பாலத்தின் இறக்கத்தில் அப்பா வழக்கம் போல ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். எஞ்சின் சத்தம் அடங்கியது. உம்ம்ம் மட்டும் அடங்கவில்லை.

‘அப்போ எஞ்சின் இல்ல,’ என்று கடுகு எண்ணினாள்.

பூங்காவைச் சுற்றி ரோடு வலப்பக்கம் வளைந்தது. உம்ம்ம் என்பது உர்ர்ர் என்று மாறியது. நாய் எலும்பைக் கவ்விக்கொண்டு உறுமுமே, அது மாதிரி. அதன் பிறகு ரோடு இடப்பக்கம் வளைந்தது. சட்டென்று நிசப்தம்.

கடுகு கண்ணைத் திறந்தாள்.

அன்று மாலை எதிர் இருக்கையில், வலது சக்கரத்தின் மேல் உட்கார்ந்து பார்த்தாள். அங்கே கை குறுகுறுக்கவில்லை. அடுத்த நாள் மறுபடி இடப்பக்கம் உட்கார்ந்தாள். குறுகுறுத்தது.

மெக்கானிக் அக்காவுக்கும் அண்ணனுக்கும் ஏன் கேட்கவில்லை என்பதும் விளங்கிவிட்டது. இரண்டு பேரும் போனது சந்துக்குள். அங்கே தடியன் நடந்துதானே போகும்.

இரவுச் சாப்பாட்டின்போது கடுகு ஒன்று விடாமல் சொன்னாள். வேகமாகப் போனால் வரும். வலப்பக்கம் திரும்பினால் உறுமும். இடப்பக்கம் திரும்பினால் நிற்கும். இடது பின்சக்கரம்.

அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தான்.

“வலது பக்கம் திரும்பினா கத்துமாம், இடது பக்கம் திரும்பினா தூங்குமாம். ரொம்பப் படிச்ச வண்டு.”

தாத்தாவுக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று அவரும் சிரித்துவைத்தார்.

அப்பா சிரிக்கவில்லை. “போதும் கடுகு. மெக்கானிக்கே பாத்துச் சொல்லிட்டாங்க. ஒரு பொய்யைக் காப்பாத்த இன்னும் எத்தனை பொய் சொல்லுவ?” என்றார்.

அம்மா, “இல்லைங்க, அவ சொல்றது...” என்று தொடங்குவதற்குள் கடுகு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

பொய். அந்த ஒரு வார்த்தைதான் முள்ளாகக் குத்தியது. பூச்சாடியை உடைத்தபோது நான்தான் என்று அவள் ஒப்புக்கொண்டாள். கணக்கில் மார்க் குறைந்தபோது தானே கொண்டுவந்து காட்டினாள். அவளைப் பார்த்துப் பொய்யாம்.

மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். ‘நான் சொன்னா மட்டும் ஏன் நம்ப மாட்டேங்குறாங்க?’

கொஞ்ச நேரம் கழித்து, ‘அண்ணன் சொன்னா நான் நம்புவேனா?’ என்று ஒரு யோசனை ஓடியது. போன வாரம் அவன் வயிற்று வலி என்றான். அன்று கணக்குப் பரீட்சை. யாரும் நம்பவில்லை. அவளும் நம்பவில்லை.

கடுகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். நடு இருக்கை. எல்லாம் அந்த நடு இருக்கையால் வந்த வினை. சத்தம் உண்மை என்றால் கடுகுக்கு ஆதாயம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். ஆதாயம் இருக்கிற வரைக்கும் தொண்டை கிழியக் கத்தினாலும் எடுபடாது.

அப்படியானால் ஆதாயத்தைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அதை நினைத்ததும் அழுகை வந்தது. அந்த ஜன்னலோர இடத்துக்காக அவள் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தடியன் மலையேறப் போகிறது. இறங்கும்போது அதில் சித்தியின் குட்டிப் பாப்பா இருக்கும்.

*

சனிக்கிழமை காலை அப்பா தடியனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். கடுகு எதிரில் போய் நின்றாள்.

“அப்பா, எனக்கு நடு சீட்டு வேணாம்.”

அப்பாவின் கையிலிருந்த குழாய் ஒரே இடத்தில் தண்ணீர் அடித்தது.

“இனிமே எப்பவும் கேக்க மாட்டேன். பெல்ட்டைச் சரி பண்ணாலும் கேக்க மாட்டேன். பெரியவளாகுற வரைக்கும் பின்னாடியே உக்கார்றேன். ஆனா ஒரே ஒரு தடவை நீங்க பின்னாடி உக்காருங்க. அம்மா ஓட்டட்டும். சந்துல வேணாம், பெரிய ரோட்டுல. சத்தம் வரலைன்னா, நான் சொன்னது பொய்னு எல்லார் முன்னாடியும் சொல்றேன்.”

“ஒத்துக்குங்கப்பா,” என்றான் அண்ணன் வாசலிலிருந்து. “நான் சாட்சி.”

அப்பா மகளையே பார்த்தார். அவள் முகம் சிவந்திருந்தது. ஆனால் கண்ணை விலக்கவில்லை.

“நடு சீட்டு வேணவே வேணாமா?”

“வேணாம்.”

“நான் சாவி எடுத்துட்டு வரேன்,” என்றாள் அம்மா.

அப்பா பருமனானவர். பின்கதவைத் தூக்கி, இடித்துத் திறந்து, தலையை முதலில் உள்ளே விட்டார். தலை போனது. தோள் போனது. அதற்குப் பிறகு அண்ணன் பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது. ஒரு வழியாக உட்கார்ந்தபோது அவர் முட்டிகள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் இருந்தன. மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தபோதுதான் பெல்ட் மாட்டியது.

“இங்கயா தினமும் உக்கார்ற?” என்றார்.

“ஆமா,” என்றாள் எதிரில் இருந்த கடுகு.

தெருவில் ஒரு பள்ளம் வந்தது. அப்பாவின் தலை கூரையில் மோதியது.

“ஒண்ணும் கேக்கலியே,” என்றார் தலையைத் தடவிக்கொண்டு.

“பொறுங்க.”

பெரிய ரோடு வந்தது. அம்மா வேகத்தைக் கூட்டினாள். உம்ம்ம் என்று அது எழுந்தது. அப்பாவின் கை தலையை விட்டு இறங்கியது.

“தகரத்துல கை வைங்க,” என்றாள் கடுகு.

வைத்தார்.

“இப்ப பூங்கா வளைவு. உறுமும் பாருங்க.”

உறுமியது.

“இப்ப அந்தப் பக்கம் திரும்பும். நின்னுடும்.”

நின்றது.

“நேரா போனதும் மறுபடி வரும்.”

வந்தது. அப்பா உள்ளங்கையை எடுத்துப் பார்த்தார், அதில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போல. பிறகு முன்னால் குரல் கொடுத்தார்.

“நேரா ஷெட்டுக்குப் போ. மெதுவாப் போ.”

கடுகு தன் பெல்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். சொன்னேனே, சொன்னேனே என்று கத்த வேண்டும் என்று தேக்கிவைத்திருந்தாள். கத்தவில்லை.

*

அப்பாவை வெளியே எடுக்க மெக்கானிக் அக்காவும் அம்மாவும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது.

அக்கா இடது பின்சக்கரத்தின் நடுவில் புறங்கையைக் கொண்டுபோனார். தொடுவதற்கு முன்பே கையை எடுத்துக்கொண்டார். சூடு. வலது சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். அது சும்மா வெதுவெதுப்பாக இருந்தது.

வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். கடக் கடக் என்று ஆடியது. கையால் சுற்றிவிட்டார். மணலை அரைப்பது போல ஒரு சத்தம்.

அக்கா குந்தியபடியே திரும்பினார். பிறகு, “பாப்பா, இங்க வா,” என்றார்.

“என்னைக் கடுகுன்னு கூப்பிடுவாங்க.”

“சரி கடுகு. எப்பெப்ப வருது இது?”

இப்போது கடுகிடம் பதில் இருந்தது. வேகம், வளைவு, பாலத்தின் இறக்கம், கை குறுகுறுத்த பக்கம். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். யாரும் குறுக்கே பேசவில்லை.

“பேரிங் போயிருக்கு சார்,” என்றார் அக்கா. “சக்கரம் சுத்துறதுக்கு உள்ள ஒரு வளையம் இருக்கும். வளையத்துக்குள்ள இரும்புக் குண்டுங்க. கிரீஸ் கசிஞ்சு வெளிய போயிடுச்சு, குண்டுங்க காஞ்சு தேயுது. வலது பக்கம் திரும்பினா பாரம் பூரா இடது சக்கரத்து மேல விழும். அதான் உறுமுது. சும்மா சொல்லக் கூடாது, பொண்ணு சரியா சொல்லியிருக்கு.”

“நாளைக்கு இதுலதான் மலைக்குப் போறதா இருந்தோம்,” என்றார் அப்பா.

“ஏறியிருப்பீங்க சார். இறங்கும்போதுதான்...” அக்கா முடிக்கவில்லை.

அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா சக்கரத்தைப் பார்த்தார். தடியன் மேல் அவருக்கு இருந்த பாசம் முகத்திலிருந்து கொஞ்சம் வடிந்தது போலிருந்தது.

“பின்னாடி உக்காந்து கேக்கலியேன்னு நீ அன்னிக்கே சொன்ன,” என்றார் அக்கா கடுகிடம்.

“சொன்னேன். எல்லாரும் சிரிச்சீங்க.”

அக்கா நெற்றியைச் சொறிந்தார். கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. “சிரிச்சது தப்புதான். அடுத்த தடவை யாரு சத்தம்னு சொன்னாலும், அவங்க உக்கார்ற இடத்துல போய் உக்காந்து கேட்டுட்டுதான் பேசுவேன்.”

வேலை மாலை வரை இழுத்தது. சக்கரம் கழன்றது. நீளமான இரும்புத் தண்டு ஒன்று வெளியே வந்தது. அதிலிருந்து பழைய பேரிங்கைக் கழற்றி அக்கா கடுகிடம் காட்டினார். குண்டுகள் மேல் எலி கடித்தது போலப் பள்ளம் பள்ளமாக இருந்தது. புது வளையத்தை ஏற்றி, கிரீஸ் கசியாமல் இருக்கப் புது ரப்பரும் போட்டார்.

அப்பா, டயர் மேல் உட்கார்ந்திருந்த கடுகின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நீ சொன்னதைப் பொய்னு சொன்னேன்ல. சொல்லியிருக்கக் கூடாது.”

“கேட்டுப் பாத்துட்டுச் சொல்லியிருந்தாகூடப் பரவால்ல,” என்றாள் கடுகு. “கேக்காமலே சொன்னீங்க.”

“ஆமா. கேக்காமலே சொன்னேன். தப்பு.”

“அண்ணனும் சொல்லணும்.”

“டேய், வாடா இங்க,” என்றார் அப்பா.

அண்ணன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே, “சரி, வண்டு இருந்துச்சு,” என்றான். அதற்கு மேல் அவனிடமிருந்து கறக்க முடியவில்லை.

அதற்குள் அக்கா துணியில் கை துடைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். “நடு சீட்டுலதான் இடம் இருக்கே. எதுக்கு இவளைப் பின்னாடி போட்டு அடைச்சு வச்சிருக்கீங்க?”

“அதுல ஒரு பெல்ட் மாட்டாது,” என்றாள் அம்மா.

“காட்டுங்க.”

அக்கா பெல்ட்டின் பூட்டுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். மெல்லிய இடுக்கியை உள்ளே விட்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு ஏதோ நோண்டினார். ஒரு சின்ன, பழுப்பு நிறக் கட்டி வெளியே வந்தது. அதில் ஒரு துண்டுக் காகிதமும் ஒட்டிக்கொண்டிருந்தது. காகிதத்தில் கோடு கோடாகப் பச்சை நிறம்.

அது மிட்டாய். பாதி சப்பிய மிட்டாய். பச்சைக் கோடு போட்ட அந்த மிட்டாயை வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் தின்பான்.

எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள்.

“நான் அப்ப சின்னப் பையன்,” என்றான் அண்ணன்.

பெல்ட்டை அக்கா அழுத்தினார். டக். மாட்டிக்கொண்டது.

கடுகு கையை முட்டியாக மடக்கிக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினாள். அந்தப் பெல்ட் மாட்டாமல் போன பிறகு அவளுக்குப் பால் பல் விழுந்து, புதுப் பல் முளைத்து, அதுவும் பெரிதாகிவிட்டது. அத்தனை காலமும் அவள் உபரி டயரோடு குடும்பம் நடத்தியிருக்கிறாள். ஒரு மிட்டாய்க்காக. அதுவும் பாதி மிட்டாய்க்காக.

“பிடிங்க அவளை,” என்றாள் அம்மா. அதற்குள் அண்ணன் ஷெட்டின் அந்தக் கோடிக்கு ஓடிவிட்டான்.

*

ஞாயிற்றுக்கிழமை கடுகு நடு இருக்கையில், ஜன்னலோரமாக உட்கார்ந்து மலையேறினாள். கேட்க மாட்டேன் என்றுதானே சொன்னாள், கொடுத்தால் உட்கார மாட்டேன் என்று சொல்லவில்லையே என்று அம்மா தீர்ப்புச் சொல்லியிருந்தாள். காற்று முகத்தில் அடித்தது. வயிறு ஒரு தடவைகூடப் புரட்டவில்லை. அண்ணனோடு பேசுவதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள். முதல் அருவி வந்தபோது, “அண்ணா, அங்க பாரு,” என்று அவளே வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

சித்தியின் குழந்தை துணிச்சுருளுக்குள் ஒரு மூக்கும் இரண்டு மூடிய கண்களுமாக இருந்தது. கடுகு விரலை நீட்டினாள். குழந்தை அதை இறுகப் பிடித்துக்கொண்டது.

திரும்பும் நேரம் வந்தது. சித்தி நடு இருக்கையில் உட்கார வேண்டும். அவள் பக்கத்தில் குழந்தையின் இருக்கையைப் பெல்ட்டால் கட்ட வேண்டும். தாத்தாவுக்கும் இடம் வேண்டும். மீதி இருந்தவை பின்னால் அந்த இரண்டு குட்டி இருக்கைகள்.

அப்பா கடுகைப் பார்க்காமல் மலையைப் பார்த்தார். அண்ணன், “எனக்குக் கால்...” என்று தொடங்கிவிட்டு, மிட்டாய் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டான்.

கடுகு பின்பக்கம் போனாள். கதவைத் தூக்கினாள், இடுப்பால் இடித்தாள், ஏறி இடது சக்கரத்தின் மேல் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள்.

“நடு சீட்டு உனக்குத்தானே? பாப்பாவை நான் மடியில வச்சுக்கவா?” என்றாள் சித்தி.

“மடியில வேணாம் சித்தி, பாப்பாவுக்கும் பெல்ட் வேணும். பின்னாடி நான் பாத்துக்கறேன்,” என்றாள் கடுகு. பிறகு, “நீயும் வா,” என்று எதிர் இருக்கையைக் காட்டினாள்.

அண்ணன் மறுபேச்சில்லாமல் வந்து மடங்கி உட்கார்ந்தான். அவன் கால் நிஜமாகவே நீளம்தான்.

தடியன் இறங்கத் தொடங்கியது. முதல் வளைவு நெருங்கியபோது, பாடிக்கொண்டிருந்த ரேடியோவை அப்பா நிறுத்தினார்.

“கடுகு, பின்னாடி எப்படி இருக்கு?”

கடுகு தகரத்தின் மேல் கை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். வண்டிக்குள் எல்லாரும் காத்திருந்தார்கள். விஷயம் காதில் விழாத தாத்தாவும் காதருகே கையைக் குவித்துக்கொண்டார்.

“அண்ணன் முனகுறான்,” என்றாள் கடுகு. “வேற ஒண்ணும் இல்ல. போங்க.”

அதற்குப் பிறகுதான் அப்பா வண்டியைத் திருப்பினார். அடுத்த வளைவிலும் கேட்டார். அதற்கடுத்த வளைவிலும் கேட்டார். மலை இறங்கி முடிக்கும் வரை, கடுகு ‘போங்க’ என்று சொல்லாமல் ஒரு வளைவைக்கூட அவர் தாண்டவில்லை.